எல்லாரும் எழுதற வெப்சைட்டு

ஏனுங்ணா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கறீங்களா? பையை மேல போட முடியாதுங்க, உள்ள லேப்டாப் இருக்கு. மடியிலயே வெச்சுக்கறேன். தேங்க்ஸுங்ணா. நீங்க எதுவரைக்கும்? குண்டடமா? அட! நானும் குண்டடந்தானுங்க! சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து யாராச்சும் குண்டடம்னு டிக்கெட் கேக்கறாங்களான்னு காதத் தீட்டிட்டே உக்காந்திருக்கேன். எல்லாரும் பல்லடங்கறாங்க, இல்லாட்டி தாராபுரங்கறாங்க. நீங்கதான் முதல் ஆளு.

சொந்த ஊரெல்லாம் இல்லீங்க, வேலை. மோட்டார் பம்ப் கம்பெனி. பேரு வேண்டாங்ணா, உள்விஷயம் எதையும் வெளிய பேசக் கூடாதுன்னு சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க. அதனால பேரை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் சொல்றேன்.

கோயமுத்தூர்ல மெயின் ஆபீஸ், ஃபேக்டரி எல்லாம். குண்டடத்துல ஒரு சின்ன யூனிட் இருக்கு. அங்க இன்ட்ராநெட் கொண்டு வர்றதுக்கு என்னைய அனுப்பறாங்க. எம்டி சாரே சொல்லி அனுப்பறாரு! வயசு இருபத்தி மூணுதானுங்க எனக்கு. யுகேந்திரன். யுகின்னு கூப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான்.

இன்ட்ராநெட்னா... வெப்சைட் தெரியுமில்லீங்களா, அது மாதிரிதான். ஆனா கம்பெனிக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். இன்னைக்கு கேன்டீன்ல என்ன, எந்த ரூட்டு பஸ் வராது, யாருக்குக் கல்யாணம், யாருக்கு ரத்தம் வேணும், எல்லாம் அதுல வரும். இங்க இந்த பஸ்ல உக்காந்து நான் பாக்க முடியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்தாத்தான்.

நான் ஐடி டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட்னா நானும் ஒரு ஏசியும். ட்ரெய்னியாத்தான் சேந்தேன். முதல் நாளு அந்த இன்ட்ராநெட்டைத் தொறந்து பாத்தேன் பாருங்க. மஞ்ச பேக்ரவுண்டுல செவப்பு எழுத்து. மேல பிள்ளையார் சுழி. நடுவுல ஒரு குத்துவிளக்கு, அது பாட்டுக்கு எரியுது, அணையுது, எரியுது, அணையுது. ஓரத்துல ‘புதியது’ன்னு ஒண்ணு மினுக்கு மினுக்குங்குது. என்னடா புதுசுன்னு அமுக்குனா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்த கண் பரிசோதனை முகாம்!

ஸ்டாட்டிக் பேஜுங்ணா. அதாவது செவுத்துல பெயின்ட்ல எழுதுன மாதிரி. ஒரு வார்த்தை மாத்தணும்னா செவுத்தச் சுரண்டி மறுபடி எழுதணும். நான் சொன்னது என்னன்னா, செவுத்துல எதுக்கு எழுதறீங்க, ஒரு கரும்பலகை மாட்டி ஆளுக்கொரு சாக்பீஸ் குடுத்துருவோம். ஸ்டோர்ஸ்காரங்க அவங்க சேதியை அவங்களே எழுதட்டும், கேன்டீன்காரங்க அவங்களே எழுதட்டும். இதுக்குப் பேரு கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். டைனமிக்! சொல்லும்போதே எனக்குக் கையெல்லாம் புல்லரிக்குது, பாருங்க. இல்ல, நெசமா பாருங்க.

அதுவரைக்கும் யாரு எழுதுனதுன்னு கேக்கறீங்களா? சற்குணம் அக்கா. அட்மின்ல இருக்காங்க. கேட்டைப் பாத்த சீட்டு அவங்களுது, யாரு வந்தாலும் போனாலும் அவங்க கண்ணுல படாம முடியாது. எல்லாரும் அவங்களுக்குத்தான் போன் போடுவாங்க. “சற்குணம், நாளைக்குத் தண்ணி வராதுன்னு போட்டுரு.” “சற்குணம், எம் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணிச் சீருங்க, போட்டுருங்க.” அக்கா கம்ப்யூட்டர்ல நோட்பேடைத் தொறந்து டக்கு டக்குன்னு அடிச்சுப்போடுவாங்க. எது மேல வரணும், எது கீழ வரணும், எல்லாம் அவங்க முடிவு. குழந்தை பொறந்தா போட்டோ போடுவாங்க. அதுக்கு ஒரு பாக்ஸ் மைசூர்பாகு. அக்கா கேக்கவே மாட்டாங்கண்ணா, வாயைத் தொறந்து ஒரு தடவை கேட்டதில்ல. ஆனா மோல்டிங்ல ஒருத்தரு ஸ்வீட் குடுக்காம போட்டோ மட்டும் குடுத்துட்டாரு. குழந்தையோட ரெண்டு கால் மட்டும் வந்துச்சு. “போட்டோ சைசு அப்படிங் சாமி, நான் என்ன பண்ணட்டும்”னுட்டாங்க. மறுநாளு மைசூர்பாகு வந்துச்சு. குழந்தை முழுசா வந்துருச்சு.

பழைய டெக்னாலஜில இதான் பிரச்சனை. போட்டோ சைசு தானா மாறாது.

நான் ராத்திரி பகலா ஸ்லைடு தயார் பண்ணி எம்டி சார்கிட்டப் போய் நின்னேன். அம்பது அம்பத்தஞ்சு இருக்கும் அவருக்கு, வெள்ளை சட்டை, நெத்தியில விபூதி, அதிகமாப் பேச மாட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. “எல்லாரும் எழுதலாமா? அப்ப நானும் எழுதலாமா?”

“சார், உங்களுக்குத் தனி இடமே இருக்கு சார்!”

மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துருச்சுங்க. அவருக்கு ரொம்ப நாளா தினமும் ஒரு சிந்தனை எழுதணும்னு ஆசையாம். யாருகிட்டச் சொல்றது? பக்கத்துல தண்டபாணி சார் நின்னுட்டிருந்தாரு, அட்மின் மேனேஜரு. அவர்கிட்ட எம்டி சார் சொல்றாரு, “எல்லா டிபார்ட்மென்டும் தானா எழுத ஆரம்பிச்சுட்டா, தம்பியைப் பெர்மனென்ட் பண்ணிரலாம். சற்குணத்தைக் குண்டடத்துக்குப் போட்டுரலாம். அங்க ஆபீஸ்ல உக்கார ஆளே இல்ல.”

எனக்கு ரெட்டைச் சந்தோஷம். எனக்கும் நல்லது, அக்காவுக்கும் ஒரு மாற்றம். படியில ரெண்டு ரெண்டாத் தாண்டி ஓடிப்போய் நாந்தான் முதல்ல சொன்னேன். “அக்கா! இனிமே உங்களுக்கு இங்க வேலையே இல்லக்கா!”

அக்கா கடலைக்காய் உரிச்சுட்டிருந்தாங்க. உரிச்ச கை அப்படியே நின்னுருச்சு. சந்தோஷத்துல.

“அப்படியா கண்ணு”ன்னாங்க. அப்புறம், “குண்டடத்துக்கு பஸ்ஸு எப்பெப்பங் சாமி?”ன்னு கேட்டாங்க.

“என்ற பொண்ணு பிளஸ் டூ படிக்கறா கண்ணு. அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் பஸ் ஏறோணும். அவ தூங்குனதுக்கு அப்புறம் வந்து சேரோணும். அவங்கப்பா வேற லாரில போறவரு, வாரத்துக்கு ஒருக்கா வந்தா உண்டு. யாரு கண்ணு அவளைப் பாக்கறது?”

நான் சொன்னேன், “அக்கா, அது ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா. போற வழி பூரா கரண்டு எடுக்கற காத்தாடி இருக்கு. ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாத்துட்டே போனா நேரம் போறதே தெரியாது.” அக்கா என்னையவே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் கடலைக்காய் ஒரு கை அள்ளிக் குடுத்தாங்க. மனசு பெரிய மனசுங்ணா.

ஒரு நிமிஷம், மெசேஜ். அக்காதான்! ‘சாப்பாட்டை பல்லடம் தாண்டுனதும் சாப்பிட்டுரு, வெச்சா புளிச்சுப்போகும்.’ பாத்தீங்களா? தக்காளி சாதம் கட்டிக் குடுத்திருக்காங்க. ‘சரிக்கா’ன்னு போட்டுர்றேன். ஆங், அனுப்பியாச்சு.

எங்க விட்டேன்? திறப்பு விழா. எம்டி சார் ஜோசியரைக் கேட்டு நல்ல நேரம் குறிச்சாரு. பூஜை. புது வண்டி வாங்குனா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குவோமில்ல, அந்த மாதிரி சர்வருக்கும் நசுக்கணும்னு தண்டபாணி சார் நிக்கறாரு. சார், சர்வர் ஓடற பொருளு இல்ல சார்னேன். “அதான் கீழ சக்கரம் இருக்குதே”ங்கறாரு. நெசந்தானுங்க, சர்வர் வெச்சிருந்த அந்த ஸ்டாண்டுக்கு நாலு சக்கரம் இருக்கு, எடம் மாத்தறதுக்கு. நாலுக்கும் அடியில நாலு பழம் வெச்சு, “கணபதியே”ன்னு ஒரு தள்ளு தள்ளுனாரு. பழம் நசுங்குச்சு. பின்னாடி கேபிளும் புடுங்கிட்டு வந்துருச்சு. நல்ல நேரம் முடியறதுக்குள்ள நான் தரையில படுத்து, எலுமிச்சம் சாறுல ஊறி, கேபிளைச் சொருகி... எப்படியோ ஓடிருச்சு.

எல்லாருக்கும் லாகின் குடுத்தேன். பாஸ்வேர்டுல எழுத்து இருக்கணும், நம்பர் இருக்கணும், ஒரு குறி இருக்கணும். ஸ்டோர்ஸ் கதிர்வேல் அண்ணன் சண்டைக்கே வந்துட்டாரு. “தம்பி, முருகன்னு போட்டா பத்தாதுங்குது. முருகனுக்கு மேல இன்னும் என்னய்யா வேணும் உன்ற மெசினுக்கு?” ட்ரெய்னிங் வெச்சேன். பஜ்ஜி போட்டிருந்தோம், கூட்டம் நல்லா வந்துச்சு. பஜ்ஜி முடிஞ்சதும் கூட்டமும் முடிஞ்சுது.

மொத ரெண்டு வாரம், சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு பய எழுதல. எம்டி சார் மட்டும் தினமும் ஒத்தை விரல்ல ஒரு சிந்தனை அடிச்சுப் போடறாரு. ‘நேரம் தவறாமை.’ ‘பணிவு.’ கீழ கருத்து சொல்ல ஒரு ஈ காக்கா இல்ல. என்னைக் கூப்பிட்டு, “என்ன தம்பி, உன்ற கரும்பலகைல யாருமே எழுத மாட்டேங்கறாங்க”ன்னாரு.

அக்காவுக்கு மட்டும் போன் ஓயல. பாவம், பழக்கம் விடுமா? எல்லாரும் அவங்களைத்தான் கூப்பிடறாங்க. ஒரு நாள் அந்தப் பக்கமாப் போறேன், போன்ல சொல்லிட்டிருக்காங்க: “உங்க குலசாமி பேரு, அப்புறம் பையன் பொறந்த வருசம், கடைசில ஒரு ஆச்சரியக்குறி. அதேதானுங்களே? ஆங், நான் பாத்துக்கறேன், நீங்க போய் வேலையைப் பாருங்.” யாருக்கோ கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லப் போறாங்க போலன்னு நெனச்சுட்டேன். ரொம்ப பக்தி அவங்களுக்கு.

அதுக்கு அடுத்த திங்கக்கிழமை இருந்து பாருங்ணா... அப்படியே மடை ஒடஞ்ச மாதிரி! ஸ்டோர்ஸ் எழுதுது. மோல்டிங் எழுதுது. கேன்டீன் எழுதுது. செக்யூரிட்டி லீவுல ஊருக்குப் போயிருக்கறாரு, அங்க இருந்துகூட எழுதறாரு! எப்படி எழுதுனாருன்னு தெரியல, ஆர்வம் இருந்தா வழி தானாக் கெடைக்கும். குவாலிட்டில லாரன்ஸ் சார்னு ஒருத்தரு இருக்காரு. வாயைத் தொறந்தா மில்லிமீட்டர் தவிர வேற எதுவும் வராது. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவரு. அவரு எழுதறாரு: ‘அன்பு உள்ளங்களே, அனைவருக்கும் ஆடி வெள்ளி வாழ்த்துகள். அம்மன் அருளால் இம்மாதம் ரிஜெக்‌ஷன் குறையட்டும்.’ படிச்சுட்டு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. என்ன ஒரு ஒற்றுமை! எழுத விட்டாத்தான மனுஷன் உள்ளுக்குள்ள இருக்கறது வெளிய வரும்?

எல்லாருமே ‘அன்பு உள்ளங்களே’ன்னுதான் ஆரம்பிச்சாங்க. ஒருத்தரைப் பாத்து ஒருத்தரு கத்துக்கறாங்க. நல்ல பழக்கந்தான.

அப்புறம் கருத்து சொல்ற எடம் இருக்கு, கீழ. கதிர்வேல் அண்ணனும் கேன்டீன் மாஸ்டரும் சாம்பாருக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டுனாங்க பாருங்க! ‘சாம்பார்ல பருப்பைத் தேட ஸ்டோர்ஸ்ல இருந்து ஆள் அனுப்பட்டுமா’ன்னு இவரு. ‘பருப்பே உங்க ஸ்டோர்ஸ்ல இருந்துதான வருது, அங்கயே தேடுங்க’ன்னு அவரு. ஃபேக்டரியே சிரிக்குது. நேர்ல பாத்தா ரெண்டு பேரும் ஒரே வண்டில ஒண்ணா வந்து ஒண்ணாப் போறாங்க, சண்டை போட்ட மாதிரியே தெரியல. “என்னண்ணா சாம்பார் சண்டை”ன்னு கேட்டா கதிர்வேல் அண்ணன் முழிக்கறாரு. “எந்தச் சண்டை?”ங்கறாரு. நாகரிகம்ணா. எழுத்துல சண்டை, நேர்ல சிநேகம்.

எம்டி சாருக்குத்தான் பெரிய சந்தோஷம். அவரு சிந்தனை போட்டு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கீழ வரிசையா வந்துரும். ‘சார், இதைப் படித்ததும் என் தந்தை நினைவுக்கு வந்தார்.’ ‘வெட்டி ஒட்டி வீட்டில் மாட்டிவிட்டேன் சார்.’ காலைல வந்ததும் மொத வேலை அதான் அவருக்கு. வீட்டம்மாவுக்கெல்லாம் பிரின்ட் எடுத்துட்டுப் போவாரு.

டெக்னிக்கலா ஒரு சின்னக் கோளாறு மட்டும் இருந்துச்சு. எந்த மெசின்ல இருந்து எழுதறாங்கன்னு சிஸ்டம் குறிச்சு வெச்சுக்கும். அதுல பாத்தா எல்லாமே அட்மின்ல இருக்கற ஒரே மெசினைக் காட்டுது. ஸ்டோர்ஸும் அதே, மோல்டிங்கும் அதே. நெட்வொர்க்ல ஏதோ குழப்பம். ஐடி டிபார்ட்மென்டுக்குப் புகார் எழுதுனேன். ஐடி டிபார்ட்மென்ட் நாந்தான? அப்ப வேலை அதிகம், பெரிய பாதிப்பு இல்லைன்னு எழுதி நானே மூடிட்டேன்.

அதுக்கப்புறம் எம்டி சாருக்கு ஒரு கிராஃப் போட்டுக் காட்டுனேன். கோடு அப்படியே மேல போகுது. எல்லா டிபார்ட்மென்டும் தானா எழுதுது! “சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட தம்பி”ன்னு தோளைத் தட்டுனாரு. அன்னைக்கு சாயந்திரமே அக்காவுக்குக் குண்டடம் ஆர்டர் வந்துருச்சு. தண்டபாணி சார்தான் கொண்டுபோய்க் குடுத்தாரு, குடுத்துட்டு நிக்கக்கூட இல்ல, வேகமாப் போயிட்டாரு. அக்கா வாங்கிப் படிச்சாங்க. “சரிங்”ன்னாங்க. கம்ப்யூட்டரை அணைச்சாங்க. தண்ணி பாட்டிலைக் கழுவி பையில வெச்சாங்க. குலசாமி கோயில்ல காதுகுத்து இருக்குன்னு சொல்லி லீவு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

மறுநாள்ல இருந்து என்ன ஆச்சோ தெரியலீங்ணா. மயான அமைதி.

ஒருத்தரும் எழுதல. ஸ்டோர்ஸ் எழுதல, மோல்டிங் எழுதல. கேன்டீன்ல செவ்வாக்கிழமை போட்ட வெண்பொங்கல் வெள்ளிக்கிழமையும் வெண்பொங்கலாவே நிக்குது. நான் சர்வரை அணைச்சு அணைச்சுப் போட்டேன். கேபிளை மாத்துனேன். எலுமிச்சம்பழம் காரணமா இருக்குமோன்னு சக்கரத்தைக்கூடத் தொடச்சேன். ஒண்ணும் பிரயோஜனமில்ல.

எம்டி சார் அன்னைக்கு ‘உழைப்பின் உயர்வு’ன்னு எழுதியிருந்தாரு. கீழ காலி. மறுநாளு ‘மன்னிப்பு’. காலி. மனுஷன் வாடிட்டாருங்க. என்னைக் கூப்பிட்டு கதவைச் சாத்திட்டு மெதுவாக் கேக்கறாரு, “யுகி, உழைப்பைப் பத்தி நான் எழுதுனது யாருக்காச்சும் மனசு புண்பட்டுருச்சா? நீ வெளிப்படையாச் சொல்லு.” அந்தச் சிந்தனையை அழிச்சே போட்டாரு. இருந்தும் யாரும் எழுதல.

கடைசில எல்லா டிபார்ட்மென்ட் ஆளுங்களையும் ரூமுக்குக் கூப்பிட்டுட்டாரு. நானும் ஓரமா நிக்கறேன். “எங்க மேல என்ன கோவம்?”ங்கறாரு எம்டி சார். அவங்க ஒருத்தரை ஒருத்தரு பாக்கறாங்க. “கோவமா? எங்களுக்கா?” லாரன்ஸ் சார்கிட்டத் திரும்பி, “நீங்க ஆடி வெள்ளிக்கு எவ்வளவு அழகா எழுதுனீங்க, இப்ப ஏன் சார் நிறுத்திட்டீங்க?”ன்னு கேட்டாரு.

லாரன்ஸ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. “நானா சார்? ஆடி வெள்ளிக்கா சார்?”

“அடக்கத்தைப் பாருங்க”ன்னு எம்டி சார் எங்கிட்டச் சொன்னாரு. நானும் தலையாட்டுனேன். பெரிய மனுஷங்க யாருமே தான் செஞ்சதை ஒத்துக்க மாட்டாங்கண்ணா, கவனிச்சிருக்கீங்களா?

அப்பத்தான் கதிர்வேல் அண்ணன் தொண்டையைச் செருமுனாரு. “சார், சற்குணம் இருந்தா எழுதுவோமுங். அது இல்லாம எங்களுக்குக் கை ஓடலீங்.” ஒடனே எல்லாரும், ஆமாங், ஆமாங்ன்னு ஒரே குரல்ல. எனக்குப் பளிச்சுன்னு மண்டையில பல்ப் எரிஞ்சுது! “சார், இதுக்குப் பேரு கம்யூனிட்டி மேனேஜர் சார்! எல்லாரையும் எழுதத் தூண்டறதுக்கு ஒரு ஆளு வேணும் சார், வெளிநாட்டுல எல்லாம் இதுக்குத் தனிப் பதவியே இருக்கு! அதுக்கு சற்குணம் அக்காவை விட்டா ஆளே கிடையாது சார்!”

நாந்தான் சொன்னேன். நான் மட்டும் வாயைத் தொறக்கலைன்னா அக்கா கதி என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க. ஆர்டரை எம்டி சார் அங்கயே கிழிச்சுட்டாரு. தண்டபாணி சாரே போன் போட்டு வரச் சொன்னாரு. அக்கா மறுநாளு புதுப் புடவை, தலை நெறைய மல்லிகைப்பூ. அதே கேட்டைப் பாத்த சீட்டு, மேல ஒரு கிரேடு. டீ வர்றதுக்குள்ள சிந்தனைக்குக் கீழ கருத்து வந்து குமிஞ்சிருச்சு. ‘மன்னிப்பு’க்கு லாரன்ஸ் சார் எழுதியிருந்தாரு: ‘கண்ணீர் மல்கப் படித்தேன்.’ இதுதான் மோட்டிவேஷன்! ஒரு ஆள் சும்மா அங்க உக்காந்திருந்தாலே போதும், மத்தவங்க தானா எழுதறாங்க.

இன்னொரு மெசேஜ், இருங்க. அக்கா. ‘கண்ணு, உன்ற லாகின் பாஸ்வேர்டு வேணும். நீ இல்லாதப்ப ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்கறது?’ அதுவும் சரிதான? என்றது அட்மின் பாஸ்வேர்டு, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி மாதிரி. யாருக்கும் குடுக்கக் கூடாதுங்க, அது விதி. விதியை எழுதுனதே நாந்தான். ஆனா அக்கா யாரோவா? கொஞ்சம் நீளமான பாஸ்வேர்டு, தப்பில்லாம அடிக்கணும்... பஸ்ஸு வேற குதிக்குது... ஆங். போயிருச்சு.

குண்டடத்துக்கு நான் எப்படின்னு சொல்லவே இல்லீங்களே! அங்க ஆள் வேணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. அக்கா போகலைன்னா யாராச்சும் போகணும். அப்ப அக்காவே எம்டி சார்கிட்டச் சொல்லியிருக்காங்க: “அங்கயும் இதே மாதிரி கொண்டாறோணும்னா ஆரம்பிச்ச கையே போகோணுமுங். நம்ம யுகி தம்பியை விட்டா ஆரு இருக்கா?” நான் அவங்களுக்குச் செஞ்சதை மறக்கல பாத்தீங்களா? எம்டி சார், “மூணு மாசம் போய்ட்டு வா, அதுக்கப்புறம் அங்க யாரு இருக்கறதுன்னு மறுபடி பேசிக்கலாம்”னுட்டாரு. மூணு மாசந்தான? பீளமேட்டு ரூமைக்கூட நான் காலி பண்ணல. ஞாயித்துக்கிழமை மேட்ச்சுல எம் பேரை எடுக்கக் கூடாதுன்னு பசங்ககிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன்.

பஸ் டைம் எல்லாம் அக்காதான் சொன்னாங்க. எந்த பஸ்ல உக்கார எடம் கிடைக்கும், எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது, குண்டடத்துல எறங்கி எந்த டீக்கடைல விசாரிக்கணும், திரும்பி வர்ற கடைசி பஸ்ஸு எத்தனை தடவை வராமப் போகும், எல்லாம் அத்துப்படி. எனக்காக எப்பத்தான் போய் விசாரிச்சாங்களோ, எனக்கே ஆச்சரியம்.

நீங்க அந்த யூனிட்டைப் பாத்திருக்கீங்களா? எடை மேடைக்குப் பக்கத்துலயா? கம்ப்யூட்டர் எத்தனை இருக்கும்? எடை போடற ரூம்ல ஒண்ணா... மத்ததெல்லாம்? ஓ. ஒண்ணேதானா. பரவால்லீங்க. ஒண்ணுல இருந்துதான எதுவும் ஆரம்பிக்கணும். எம்டி சாருக்கு கிராஃப் போட ஒரு கோடு போதும்.

அட, போட்டோ அனுப்பியிருக்காங்க அக்கா! ஸ்கிரீனை அப்படியே போன்ல எடுத்து அனுப்பியிருக்காங்க. பாருங்ணா, இன்ட்ராநெட்ல முதல் பக்கம்! நாந்தானுங்க அது. ‘குண்டடம் யூனிட்டில் பொறுப்பேற்கும் நமது யுகேந்திரன்.’ போட்டோ முழுசா வந்திருக்கு, கால் வரைக்கும். கீழ பாருங்க, கருத்து. கதிர்வேல் அண்ணன்: ‘போய் வா மகனே.’ லாரன்ஸ் சார்: ‘வெற்றிமாலை சூடுக.’ கேன்டீன் மாஸ்டர், மோல்டிங், செக்யூரிட்டி, எல்லாரும். எல்லாருமே எழுதியிருக்காங்க.

கீழ நானும் நன்றி எழுதியிருக்கேன். ‘அன்பு உள்ளங்களே’ன்னு. ரொம்ப நல்லாத்தான் எழுதியிருக்கேன். இருங்க, பெருசு பண்றேன்... ‘குண்டடம் மண்ணை மிதிக்கும் முன்பே அது என் தாய்மடி ஆகிவிட்டது. மூன்று மாதம் போதாது. அங்கேயே நிரந்தரமாகத் தங்கிப் பணியாற்ற எம்டி அய்யா அருள்புரிய வேண்டும்.’

ம்.

அதுக்குக் கீழ எம்டி சார். ‘உன் ஆர்வம் கண்டு நெகிழ்ந்தேன். அப்படியே ஆகட்டும். ஆர்டர் தண்டபாணியிடம் சொல்லிவிட்டேன்.’

எப்ப எழுதுனேன் இதை? நேத்து சாயந்திரம் கெளம்பற அவசரத்துல... இல்ல, நேத்து நான் பொட்டி கட்டிட்டிருந்தேன். இன்னைக்குக் காலைலயா? இன்னைக்குக் காலைல நான் பஸ் ஸ்டாண்டுல நின்னேன். நேரம் பாருங்க, இதுல என்ன போட்டிருக்கு... இப்பத்தான் போட்டிருக்கு. நாம பேசிட்டு வர்றப்ப.

நீங்க ஏனுங்ணா சிரிக்கறீங்க?

இல்லீங்க, நாந்தான் எழுதியிருப்பேன். எம் பேருதான போட்டிருக்கு.